குறுக்குக்கோடு போட்ட விமானம்

மூன்று மீட்டர் ஆழத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.
தலைக்கு மேல் ஒசெசாகியின் நவம்பர் வெயில்.
கரையில் யாரோ இரும்புச் சிலிண்டரைக்
கூழாங்கல்லில் வைக்கும் சத்தம்கூடக் கேட்கிறது.
என் மணிக்கட்டு சொல்கிறது:
இன்னும் ஒன்பது நிமிடம்.

முனேஹிசாவின் மணிக்கட்டில் ஒன்றும் இல்லை.
ஒரே சரிவில் இறங்கினோம், ஒரே முப்பத்தோரு மீட்டர்,
ஒரே தவளைமீனை மாறி மாறி முறைத்தோம்.
அவன் கணினி போகலாம் என்கிறது.
அவனோ கைகட்டி நிற்கிறான்,
அடகுக்கடை வாசலில்
நண்பனுக்காகக் காத்திருப்பவன் மாதிரி.

என்னுடையது ஒரு கருமி.
வாங்கும்போதே கடைக்காரர் சொன்னார்,
பக்கத்தில் இருப்பதை எடுங்கள்,
அடியில் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும் என்று.
விலை குறைவென்றுதான் இதை எடுத்தேன்.
பாதுகாப்புக்காக என்று
பிறகு சொல்லப் பழகிக்கொண்டேன்.

இதற்கு அழுத்தம் தெரியும், நேரம் தெரியும்.
என்னைத் தெரியாது.
நேற்று விடைத்தாள் திருத்திவிட்டு
நாலு மணிநேரம் தூங்கியதும்
ஐம்பத்திரண்டு வயதும் தெரியாது.
தனக்குள் ஒரு கற்பனைப் பெண்ணை வைத்திருக்கிறது,
பதினாறு அறைகள் உள்ளவளை.
எந்த அறை நைட்ரஜனைச் சட்டென்று விடும்,
எந்த அறை பிடித்துவைத்துக்கொள்ளும் என்று
நொடிக்கு நொடி கணக்கெழுதுகிறது.
அவள் நலமாக மேலே வருவதற்காக
நான் இங்கே நடுங்குகிறேன்.

காற்று அறுபது.
பிறகு ஐம்பத்தைந்து.
எச்சரிக்கைக்கும் விலை உண்டு,
அதையும் நுரையீரல்தான் கட்டவேண்டும்.

ஆழம் பார்த்துக் காலை விடு என்பார்கள்.
விட்ட காலை எப்படி எடுப்பது என்று
ஒருவரும் சொல்லவில்லை.

*

நுமாசு துறைமுகம், மாலை நாலரை.
வலையில் காயும் அஜி மீன்களுக்குப் பக்கத்தில்
காரை நிறுத்தியிருக்கிறேன்.
கணினியில் சின்னதாய் ஒரு விமானம்,
அதன்மேல் ஒரு குறுக்குக்கோடு.
டொயோட்டாவில் வந்தவளுக்கு விமானம் எதற்கு
என்று சிரித்தான் முனேஹிசா.
அவனுக்கும் தெரியும், வீட்டுக்குப் போகும் வழியில்
மலை இருக்கிறது,
மலையில் காற்று மெலிந்திருக்கிறது.

என் பையன்களுக்குப் பாடம் எடுக்கையில்
சோடா பாட்டிலைத் திறந்துகாட்டுவேன்.
இந்த வருடம் அதை விட்டுவிட்டேன்.
பாட்டில்கள் எல்லாம் ஒரே மாதிரி பொங்கும்.
போன கோடையில், இதே சரிவில்,
கணினி கேட்டதையெல்லாம் கொடுத்த ஒருத்தி
தோள்வலியோடு அழுத்த அறைக்குப் போனாள்.
ஒன்றையும் கேட்காதவன்
அன்றிரவு கரோகே பாடினான்.

அவன் ஹகோனே வழியாகப் போய்விட்டான்.
நான் மீன்சோறு சாப்பிட்டேன்.
இன்னொரு தேநீர்.
வானொலியில் நெரிசல் செய்தி.
எதற்காகக் காத்திருக்கிறேன் என்று கேட்டால்
ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காக.

ஏழு மணிக்கு அவன் செய்தி வந்தது:
வீட்டுக்கு வந்தாச்சு, குளிச்சாச்சு, பீர்.

ஒன்றும் நடக்கவில்லை, அவனுக்கும்.
அவனுடைய ஒன்றுமில்லையும்
என்னுடைய ஒன்றுமில்லையும்
பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன.
என்னுடையதற்குத்தான் மூன்று மணிநேரம் கூடுதல் செலவு.

எழுதி நிரூபிக்கச் சொன்னால் முடியாது.
சாவியைத் திருப்பினேன்.

பின்னிரவில், சமையலறை மேசையில்,
ஈரம் காயாத கையுறைகளுக்கு நடுவே
அந்த விமானம் எப்போதோ அழிந்திருக்கிறது.
நான் பார்க்கவில்லை.
தூங்கிக்கொண்டிருந்தேன்.
பதினாறு அறைகளிலும் விளக்கணைத்துவிட்டு
அவளும் தூங்கியிருப்பாள்.